பெரிய வெள்ளியும் பௌர்ணமியும்

கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலத்து நிகழ்ச்சி இது. ஆண்டவர் சிலுவையில் தொங்கிய வேளையில், நண்பகல் முதல் மூன்று மணி வரை நாடெங்கும் இருள் சூழ்ந்ததைப் பெரிய வெள்ளியன்று விளக்கப் புகுந்த நான், "அப்பொழுது சூரிய கிரகணம் நிகழ்ந்தது" என்று மறையுரையில் சொல்லிவிட்டேன். சிலுவையை முத்தி செய்து மக்கள் கலைந்தபின், கட்டுமரத்தில் ஐம்பது ஆண்டுகளைக் கழித்த முதியவர் ஒருவர் பங்குமனை வாசலில் வந்து நின்றார்.

"சாமி கோவிக்கக் கூடாது. பாஸ்கு பௌர்ணமியை ஒட்டித்தானே வருது? பௌர்ணமிக்குச் சூரிய கிரகணம் எப்படி வரும்? அது அமாவாசைக்குத்தானே பிடிக்கும்?" என்றார்.

குருமடத்தில் பல்லாண்டு மெய்யியலும் இறையியலும் கற்றவன் நான். அவரோ பள்ளிப் படியை மிதியாதவர். ஆயினும் அவர் சொன்னதே சரி.

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே சந்திரன் வந்து மறைத்தால்தான் சூரிய கிரகணம். அவ்வாறு வருவது அமாவாசையன்று மட்டுமே. பௌர்ணமியிலோ சந்திரன் பூமிக்கு மறுபுறம் நிற்கிறது. அன்று நிகழக்கூடியது சந்திர கிரகணம் ஒன்றே. மேலும், முழுச் சூரிய கிரகணத்தின் இருள் ஓரிடத்தில் ஏழரை நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. மூன்று மணி நேரத்திற்கு அது எம்மாத்திரம்? மூன்றாம் நூற்றாண்டிலேயே யூலியுஸ் ஆப்ரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், பாஸ்கா பௌர்ணமியில் வருவதைச் சுட்டிக்காட்டி, அவ்விருளைக் கிரகணம் என்பது பொருந்தாது என எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது, கடலுக்குப் போகும் நம் பெரியவருக்கும் தெரிந்தது, மறையுரை ஆற்றிய எனக்குத்தான் அவ்வேளையில் தோன்றவில்லை. அவ்விருள் எதனால் வந்தது என்று நற்செய்தியாளர் விளக்கவில்லை. நான் விளக்கப் புகுந்ததே பிழை.

கிறிஸ்து பிறப்பு விழா டிசம்பர் 25-ஐ விட்டு நகர்வதில்லை; உயிர்ப்புப் பெருவிழா மட்டும் ஏன் அலைகிறது என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. 2024-இல் அது மார்ச் 31. 2025-இல் ஏப்ரல் 20. யூதர்கள் சந்திரனைக் கொண்டு மாதங்களை எண்ணினர். பிறை தோன்றி மறுபிறை தோன்ற ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். இத்தகைய பன்னிரண்டு மாதங்களுக்கு 354 நாட்களே ஆகின்றன. சூரியனைப் பூமி ஒருமுறை சுற்றிவரவோ 365 நாட்களும் ஏறக்குறைய கால் நாளும் வேண்டும். இப்பதினொரு நாள் குறையை அப்படியே விட்டால், வாற்கோதையின் முதற் கதிர்க்கட்டைக் காணிக்கையாக்க வேண்டிய பாஸ்காக் காலம் சில ஆண்டுகளில் கொட்டும் மழைக்காலத்திற்கு நகர்ந்துவிடும். ஆகவே இடையிடையே பதின்மூன்றாம் மாதம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டனர். சந்திரனை விடவும் மனமில்லை, விளைச்சலை விடவும் வழியில்லை!

திருச்சபை கைக்கொள்ளும் விதியும் இவ்விரண்டையும் பிணைப்பதே. மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முதற் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்பு ஞாயிறு. எனவே அது மார்ச் 22-க்கு முந்தாது, ஏப்ரல் 25-க்குப் பிந்தாது. 2025-இல் பௌர்ணமி ஏப்ரல் 13-ஆம் நாள் ஞாயிறன்றே வந்ததால், அன்று குருத்து ஞாயிறாகி, உயிர்ப்பு விழா அடுத்த ஞாயிறுக்குத் தள்ளியது. திருச்சபை வானத்தைப் பார்த்து நாள் குறிப்பதில்லை, அட்டவணையைப் பார்த்தே குறிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019 மார்ச் 21 அன்று வானில் பௌர்ணமி. அட்டவணையிலோ அது மார்ச் 20. அந்த ஒருநாள் வேறுபாட்டால் விழா ஏப்ரல் 21-க்குப் போயிற்று.

மார்ச் 21 என்பது பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் நாளைக் குறிப்பது. பழைய யூலியன் நாட்காட்டியில் ஆண்டுக்குப் பதினொரு நிமிடம் மிகுதியாகக் கணக்கிடப்பட்டிருந்தது. அற்பமான இந்த மிகுதி நூற்றாண்டுதோறும் சேர்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் சமநாளை மார்ச் 11-க்குக் கொண்டுவந்து விட்டது. பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார், கிளாவியுஸ் என்ற இயேசு சபைக் கணித வல்லுநர் முதலியோரின் துணையுடன் இதைத் திருத்தினார். 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி என்றானது. அந்த நான்காம் நாள் இரவில் உயிர் நீத்த அவிலா தெரசம்மாளுக்கு நாம் பதினைந்தாம் நாள் விழா எடுப்பது இதனால்தான்.

சமநாள் என்பது ஏன் வருகிறது? பூமியின் அச்சு செங்குத்தாக நில்லாமல் 23½ பாகை சாய்ந்திருக்கிறது. அச்சாய்வு மாறாமலே அது சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாதம் வடபாதியும் ஆறு மாதம் தென்பாதியும் சூரியன் பக்கம் சாய்கின்றன. சூரியனுக்கு அருகே போவதால் கோடை வருகிறது என்று நம்மவர் பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், நாம் மார்கழிப் பனியில் நடுங்கும்போது! கதிர் நேராக விழுகிறதா, சாய்வாக விழுகிறதா என்பதே வெப்பத்தை முடிவு செய்கிறது. தமிழகத்தில் சூரியன் தலைக்கு நேராக வருவது ஏப்ரல் மாதத்தில். தவக்காலத்தின் சிலுவைப்பாதையில் நம் பாதங்கள் சுடுவதற்குக் காரணம் இதுவே. பாலஸ்தீனத்தில் அதே நாட்கள் வசந்தம். ஆஸ்திரேலியாவிலோ உயிர்ப்பு விழா இலையுதிர் காலத்தில் வருகிறது.

அந்தப் பெரியவரிடம் திரும்புவோம். என் தவற்றைச் சொல்வது மட்டுமே அவர் வந்த நோக்கமன்று. அன்றிரவு ஆண்டவரின் பூதவுடல் சுரூபப் பவனி கடலோர மணல் வழியே செல்வது அவ்வூர் வழக்கம். "நேத்துத்தான் பௌர்ணமி. இன்னைக்கும் நாளைக்கும் கடல் ஏறும். காத்தும் சரியில்லை. மேல தெரு வழியா போகலாம் சாமி" என்றார்.

கடல் ஏறுவதும் சந்திரனின் வேலையே. தன்னை நோக்கிய பக்கத்து நீரைச் சந்திரன் மிகுதியாக ஈர்க்கிறது. நடுவிலுள்ள பூமியைச் சற்றுக் குறைவாக. மறுபக்கத்து நீரை இன்னும் குறைவாக. ஆகவே இருபுறமும் நீர் மேடிடுகிறது. பூமி சுழல்கையில் பெரும்பாலான கரைகள் நாளொன்றுக்கு இருமுறை அம்மேடுகளைக் கடக்கின்றன. சந்திரனும் தன் வழியில் நகர்வதால் ஏற்றம் நாள்தோறும் சுமார் ஐம்பது நிமிடம் பிந்துகிறது. சூரியனின் ஈர்ப்பு விளைவு சந்திரனுடையதில் பாதிக்கும் குறைவு. எனினும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் பெருக்கு மிகுகிறது. அதன் உச்சம் ஓரிரு நாள் கழித்தே வருவது வழக்கம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் இந்த ஏற்றவற்றம் பத்து மீட்டர் அளவு. நம் கரையிலோ ஒரு மீட்டர் அளவே. ஆயினும் குறுகிய மணற்கரையில், காற்றும் சேர்ந்துகொண்டால், அந்த ஒரு மீட்டரே போதும்.

வழக்கத்தை மாற்றலாகாது என்று சிலர் முணுமுணுத்தனர். நான் பெரியவர் சொன்னபடியே மேலத் தெரு வழியாகப் பவனியைத் திருப்பினேன். நள்ளிரவில் சென்று பார்த்தபோது, வழக்கமாகச் சுரூபத்தை இறக்கி வைக்கும் மணல்மேட்டின் மீது அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிலவு ஊசி தேடலாம் என்னும்படி எரித்தது. உயிர்ப்பு ஞாயிறு திருப்பலியில் கிரகணத்தைப் பற்றிய என் கூற்றைத் திருத்திச் சொன்னேன். பெரியவர் முதல் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருந்தார்.