பழைய காரைப் பறக்க விடலாமா?

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருக்கிறது, சிப்காட் தொழிற்பேட்டை. வெல்டிங், பிட்டர், பெயிண்டு வேலை தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சம் இல்லை. அப்படி ஒருவருடைய வீட்டுக் கொல்லையில் தாத்தா காலத்து அம்பாசிடர் கார் நின்றால், கை சும்மா இருக்குமா?

பழைய காரை ஓட வைப்பது நல்ல காரியம். ஆனால், ஓட வைப்பது வேறு; பறக்க வைப்பது வேறு!

அமெரிக்க மோகம்

பழைய காரைப் பிரித்து வேகத்தைக் கூட்டும் பழக்கம் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் வளர்ந்தது. 1930-ம் ஆண்டுகளில் அங்குள்ள வாலிபர்கள் பழைய போர்டு கார்களை மலிவாக வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள். என்ஜின் சக்தியைக் கூட்டினார்கள். வறண்ட ஏரிகளில் பந்தயம் விட்டார்கள். இத்தகைய கார்களுக்கு "ஹாட் ராட்" என்று பெயர் வந்தது.

நம் ஊரில் ஓடுவதோ ஏரியில் அல்ல; பஸ்சும் லாரியும் போகும் சாலையில்.

பிரேக் தாங்குமா?

அம்பாசிடர் வேகத்துக்குப் பிறந்த கார் அல்ல. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். என்ஜினை மட்டும் மாற்றி, பிரேக்கை அப்படியே விட்டால் ஆபத்து.

கடலோர ஊர்களில் இன்னொரு எதிரி, உப்புக் காற்று. மேலே பெயிண்டு பளபளக்கும். அடித்தகடு துருவேறி இற்றுப் போயிருக்கும்!

சட்டம் சொல்வது என்ன?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைத் தடுக்கிறது. கம்பெனி தயாரித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டம் மேலும் கடுமையானது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் கேள்விக்குறிதான்.

அங்கீகாரம் பெற்ற சாதனத்தைப் பொருத்தி, கியாஸ் அல்லது பேட்டரியில் ஓடும்படி மாற்றுவதற்கு விதிப்படி வழி இருக்கிறது.

கிழவனுக்கு மரியாதை

பழமைக்குச் சட்டம் எதிரி அல்ல. 50 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. அதற்கு "வி.ஏ." என்ற எழுத்துகள் கொண்ட தனி நம்பர். புதிய பதிவுக்கு ரூ.20 ஆயிரம், அது 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, பழங்கார் ஊர்வலம் போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடச் சவாரிக்கோ, வாடகைக்கோ ஓட்ட முடியாது.

ஒரு முக்கிய நிபந்தனையும் உண்டு. என்ஜினும் உடற்கூடும் ஆதி வடிவில் இருக்க வேண்டும். வேகத்துக்காக அவற்றை மாற்றியவர், இந்த மரியாதையைத் தம் கையாலேயே இழக்கிறார்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. இனி அந்தக் கார் புதிதாக வரப் போவதில்லை. ஆகவே, அதை வெட்டி ஒட்டுவதைவிட, துருவை நீக்கிப் பிரேக்கைச் சீராக்கி, பிறந்த உருவிலேயே நிறுத்துவதுதான் கெட்டிக்காரத்தனம். கைத்திறனும் வெளிப்படும், கைப்பணமும் பாழாகாது, உயிருக்கும் ஆபத்து இல்லை.