தோட்டக்காரரிடம் கேட்காத தோட்டக்கலை

பல்கலைக்கழக விடுதி மாடங்களிலும் ஆசிரியர் குடியிருப்புகளின் மொட்டைமாடிகளிலும் தொட்டிச்செடிகள் பெருகிவருகின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் படித்தவர்கள் தோட்டம் போடக் கற்கும் முறையில் ஒரு பழைய அநீதி அப்படியே தொடர்கிறது. தில்லி வளாகமொன்றில் முதன்முறையாகச் செடி வளர்க்க விரும்பும் ஆய்வு மாணவர் காணொளிகளைப் பார்க்கிறார். தென்னைநார்க் கழிவுக் கட்டி, உரப்பொட்டலம், ஈரம் காட்டும் கருவி என்று இணையத்தில் வாங்கிக் குவிக்கிறார். அவருடைய சன்னலுக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் அதே மண்ணைக் கொத்திவரும் மாலியிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இதன் விலையை முதலில் கொடுப்பது செடிதான். புதியவர்களின் தொட்டிச்செடிகள் பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை. வேர் அழுகிச் சாகின்றன. மண்ணின் நுண்துளைகள் முழுவதும் நீர் நிறைந்துவிட்டால் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. மூச்சுத் திணறும் வேரால் நீரை உறிஞ்ச இயலாது, இலை துவள்கிறது. துவண்ட இலையைக் கண்டவர் தாகமென்றெண்ணி மேலும் நீர் ஊற்றுகிறார். 'நாள்தோறும் ஒரு குவளை' என்ற காணொளி விதி செய்யும் வேலை இது.

மண்ணோடு பழகியவர்களிடம் இதற்கு விதி இல்லை, சொல் இருக்கிறது. தமிழ் உழவர் 'பதம்' என்பார். பஞ்சாபியில் 'வத்தர்', மராத்தியில் 'வாஃப்சா'. ஈரமும் காற்றும் மண்ணில் ஒருசேர நிற்கும் நிலை அது. ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தச் சொல்லைக் கற்றவர் சோதனையையும் சேர்த்தே கற்கிறார். முருங்கைக்குப் போத்து, மல்லிகைக்குப் பதியன், மாவுக்கு ஒட்டு என்று பிரித்துச் சொல்லும் மொழியும் இத்தகையதே. எந்தச் செடியை எவ்வழியில் பெருக்குவது என்பது பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

பருவமும் அப்படித்தான். குளிர்நாட்டு நூல்கள் வசந்தத்தில் விதைக்கவும் முழு வெயிலில் வைக்கவும் சொல்கின்றன. தில்லியிலோ கொத்தமல்லியும் வெந்தயமும் பாலக்கும் அக்டோபரில் விதைக்கப்படுகின்றன. மே மாதத்து முழு வெயில் இளநாற்றைக் கருக்கிவிடும். இதை அறிய எந்தச் செயலியும் வேண்டாம். வளாகத்தில் யார் எப்போது குர்ப்பியை எடுக்கிறார் என்று கவனித்தாலே போதும்.

'அது அனுபவம், அறிவியல் ஆகாது' என்று கல்விப்புலத்தார் சிலர் சொல்லக்கூடும். ஆல்பர்ட் ஹோவர்டு அவர்களுக்கு விடையளிப்பார். 1905இல் பீகாரின் பூசாவில் பணியேற்ற அந்த ஆங்கிலத் தாவரவியலாளர், அங்கிருந்த உழவர்களையும் பயிர்ப்பூச்சிகளையுமே தம் பேராசிரியர்களாகக் கொண்டதாகப் பின்னர் எழுதினார். இந்தூரில் அவர் உருவாக்கிய மக்குரமுறை 1931இல் யஷ்வந்த் வாட் என்பவரோடு எழுதிய நூலாக வெளிவந்து, உலகெங்கும் இயற்கைவழித் தோட்டக்கலைக்கு அடித்தளமாயிற்று. இன்று அது வண்ணப் பொட்டலத்தில் இந்தியாவுக்கே திரும்பி விற்பனையாகிறது. அவருக்குக் கற்பித்த உழவர்களின் பெயர்கள் எந்தப் பயிற்சி வகுப்பிலும் ஒலிப்பதில்லை.

தோட்டக்காரர் தவறே செய்யாதவர் என்பதல்ல வாதம். கைநிறைய யூரியாவை அள்ளிப் போடுகிறவரும் உண்டு. ஆய்விதழ்களிலும் பிழைகள் வருகின்றன. அதற்காக அவற்றை அறிவுலகத்திலிருந்து யாரும் விலக்குவதில்லை. உரையாடித் திருத்திக்கொள்கிறார்கள். அதே மரியாதை ஏன் தோட்டக்காரருக்கு இல்லை?

காரணம் மண்ணில் இல்லை, சமூகத்தில் இருக்கிறது. மாலி என்பது தொழிற்பெயர் மட்டுமன்று, சாதிப்பெயரும் கூட. ஜோதிராவ் புலே பிறந்த சாதி அது. உழவருக்குக் கல்வி மறுக்கப்பட்டதை எதிர்த்து வாழ்நாள் முழுதும் போராடியவர் அவர். கல்வி பெற்றுவிட்டவர்கள் உழைப்பவரின் அறிவை அறிவென்று ஏற்க மறுப்பது அந்த மறுப்பின் மறுபக்கம். பல வளாகங்களில் தோட்டப்பணி ஒப்பந்தக்காரர்களிடம் விடப்பட்டுள்ளது. ஒப்பந்தம் மாறும்போது ஆட்களும் மாறுகிறார்கள். எந்த மூலையில் நீர் தேங்கும், எந்த மரத்தடியில் எது முளைக்காது என்ற நினைவும் அவர்களோடு வெளியேறுகிறது. அந்த இழப்பை எந்த ஆண்டறிக்கையும் கணக்கிடுவதில்லை.

மொழியியல் களப்பணியில் மொழியைச் சொல்லித்தருபவரை வெறும் 'தகவலாளர்' என்றழைப்பதைப் பலரும் கைவிட்டுவிட்டனர். அவருடைய நேரத்துக்கு ஊதியம் தருவதும், அவர் விரும்பினால் பெயரைக் குறிப்பிடுவதும் இன்று அடிப்படை அறமாகக் கருதப்படுகிறது. தோட்டம் கற்பவர்களுக்கும் இதே அறம் பொருந்தும். மாணவர் மன்றங்கள் தோட்டக்கலைப் பட்டறை நடத்தினால் வளாகத் தோட்டக்காரரை ஆசிரியராக அழைக்கட்டும்; விருந்தினர் பேராசிரியருக்குத் தரும் மதிப்பூதியத்தை அவருக்கும் தரட்டும். அவருடைய பணி நேரத்துக்குள் அது நடக்கட்டும். ஓய்வு நேரத்தைத் திருடி வேண்டாம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் நாளில் அவருக்காகக் குரல் கொடுக்க, அவரிடம் கற்றவர்கள் வரட்டும். கருவியும் உரமும் வாங்குவதை அதற்குப் பின்னர் யோசிக்கலாம்.