விலக்க நீளும் கைகள்

“உம்மம்மாவிடம் விட்டால் பிள்ளை கெட்டுப்போகும்” என்னும் பேச்சு, நம் இல்லங்களில் இன்று நீதிமொழி போலவே உலவி வருகிறது. மூத்தோர் செல்லம் கொடுக்கிறார்களாம், பழங்கதை பேசுகிறார்களாம், படிக்கும் நேரத்தைப் பறிக்கிறார்களாம். குற்றச்சாட்டுகள் இவை. தீர்ப்போ மிக எளிது: முதியவருக்குப் பின்கட்டில் ஒரு கட்டில்; பிள்ளைக்குத் தனிவகுப்பும் கைப்பேசியும். இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

மக்காவின் பழைய காட்சி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கஅபாவின் நிழலில் அப்துல் முத்தலிபுக்கென ஒரு விரிப்பு இடப்பட்டிருக்கும். தந்தையின்பால் கொண்ட மரியாதையால் மைந்தர் எவரும் அதன்மேல் அமர்வதில்லை, சுற்றிலுமே அமர்வர். பிறக்குமுன் தந்தையையும், ஆறு வயதில் அன்னையையும் இழந்த பேரர் முஹம்மது (ஸல்) அவர்களோ நேரே வந்து அவ்விரிப்பில் அமர்வார்கள். தந்தையின் உடன்பிறந்தோர் அவர்களை விலக்க முற்படுவர். “விடுங்கள்” என்று பாட்டனார் தடுத்து, அருகில் இருத்தி, முதுகை வருடிக் கொடுப்பார். இதனை இப்னு இஸ்ஹாக் தம் வரலாற்றில் பதிந்து வைத்துள்ளார்.

அப்பேரர் எட்டு வயதை எய்தியபோது பாட்டனாரும் மறைந்தார். அன்னையை இழந்தபின் அவரது அரவணைப்பில் கழிந்தவை ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். அந்தச் செல்லம் யாரைக் கெடுத்தது என்று கேட்கிறோம்.

அன்பு பெற்ற அப்பேரர் பின்னர் தாமும் பாட்டனார் ஆனார்கள். மகளார் ஸைனபின் குழந்தை உமாமாவைச் சுமந்தவாறே தொழுதார்கள். ஸுஜூதின்போது இறக்கிவைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. பாட்டனாரின் தொழுகைக்கே பேத்தி இடையூறாகவில்லை. பேத்தியின் வீட்டுப்பாடத்துக்கு மட்டும் பாட்டியார் இடையூறாகிவிடுவாரோ?

மூத்தோரிடம் குறையே இல்லை என்பது நம் வாதமன்று. பெற்றோர் மறுத்த மிட்டாயை ஒளித்துக் கொடுப்பது தவறுதான். அதனைப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். அதற்காக மடியையே மறுப்பது எவ்வகை நியாயம்?

நாம் இழப்பது அன்பை மட்டுமன்று. நபிமார் சரிதங்களும், நூறு மசலாவின் புதிர்களும், தாலாட்டும், அரபுத் தமிழ் எழுத்தும் மூத்த பெண்மணிகளின் மடியிலிருந்தே நம் பிள்ளைகள் பலருக்கு வந்து சேர்ந்தன. அந்த மடி பின்கட்டுக்குப் போனபோது அச்செல்வமும் உடன் போயிற்று.

இந்திய நாடாளுமன்றம் 2007-ஆம் ஆண்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தை இயற்றியது. பராமரிக்கத் தவறும் பிள்ளைகள் மாதந்தோறும் பணம் தரவேண்டுமென ஆணையிட அதன்படி தீர்ப்பாயங்கள் உண்டு. நன்று. ஆனால் மழலை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் இன்பத்தை எந்தத் தீர்ப்பாயமும் பெற்றுத் தராது. அதனைத் தரவல்லோர் பெற்றோராகிய நாமே, தடுப்போரும் நாமே.

கஅபாவின் நிழலில் அன்று விலக்க நீண்ட கைகளும் மரியாதையின் பெயரால்தான் நீண்டன. இன்று நம் கைகள் கல்வியின் பெயரால் நீள்கின்றன. அன்று அந்த முதியவர் சொன்ன சொல்லே இன்று நமக்கும் உரியது: விடுங்கள்.