துண்டுத் துணி இருக்கிறதா, அக்கா?

அண்மையில் ஒரு தாயார் தம் மகளை எங்கள் பள்ளியில் சேர்க்க வந்திருந்தார். பேராக் மாநிலத்திலிருந்து கிள்ளானுக்குக் குடிபெயர்ந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. பாரத்தில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினார். சிறுமியின் கையிலிருந்த எழுதுகோல் பையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கோணத் துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த பை. ஒரு முனைகூட விலகவில்லை. "யார் தைத்தது?" என்று கேட்டேன்.

"சும்மா, வேலை இல்லாத நேரத்துல தைச்சது டீச்சர்" என்றார்.

அந்தச் 'சும்மா' என்ற சொல் என்னைச் சுட்டது. என் அம்மாவும் அதையேதான் சொல்வார்.

நாங்கள் கோல லங்காட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அம்மா ஒட்டுப்போர்வை தைப்பதில் கைதேர்ந்தவர். கோதுமை மாவுச் சாக்கு அடித்துணி. அதன்மேல் பழஞ்சேலை இரண்டு மடிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் சட்டை, பக்கத்து வீட்டு ஆயாவின் கைலி, யாரோ ஒரு பிள்ளையின் பாவாடை என்று வெட்டி இணைத்த கட்டங்கள். கித்தாப் பால் கறை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அந்தக் கறைபட்ட துண்டுகளை அம்மா ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். நம் வெப்பத்திற்குப் பஞ்சு தேவையில்லை. மடித்த சேலையே போதும். வங்காளத்துப் பெண்கள் 'காந்தா' தைப்பதும் இதே முறையில்தான் என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தேன்.

1994-இல் தோட்டத்தை விட்டுக் கிள்ளான் அடுக்குமாடி ஒன்றின் நான்காம் மாடிக்கு வந்தோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. லாரியில் சாமான் ஏற்றும்போது அந்தப் போர்வை மூட்டையை நான்தான் லயத்திலேயே போட்டுவிட்டு வந்தேன். "டவுனுக்குப் போறோம், இந்தக் கந்தல் எதுக்கும்மா?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

புதிய வீட்டில் அம்மா ஊசியைத் தொடவே இல்லை. கண்பார்வை குறைந்துவிட்டது என்று நினைத்தேன். காரணம் அதுவன்று. லயத்தில் துணி கேட்காமலே வந்து சேரும். மாலையில் ஐந்தடியில் அமர்ந்தால் நாலு வீட்டுக் கிழிசல் மடிக்கு வரும். அடுக்குமாடியிலோ எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். ஒட்டுத்தையல் தனியாள் செய்யக்கூடிய வேலைபோல் தோன்றினாலும் அப்படியன்று. பிறர் உடுத்திக் கழித்த துணி வேண்டும். ஊசி இருந்தது, நூல் இருந்தது, கேட்பதற்கு ஆள்தான் இல்லை.

(பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்துபவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துணியோடு துணி சேர்ப்பது ஒட்டு. ஊசியை முன்னும் பின்னுமாக நேரே செலுத்துவது ஓட்டுத்தையல். குறிலும் நெடிலும் பிழைத்தால் வேலையே மாறிவிடும்!)

ஏறக்குறைய ஓராண்டு கழித்து இரண்டாம் மாடிச் சீன மூதாட்டி ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். அரைகுறை மலாயில், பேரன் பிறந்திருக்கிறான், உங்கள் வீட்டிலிருந்து ஒரு துண்டுத் துணி வேண்டும் என்றார். நூறு குடும்பங்களிடம் துணி வாங்கி, இணைத்துத் தைத்துக் குழந்தைக்குப் போர்த்துவது சீனர் மரபு. நூறு வீட்டு வாழ்த்தும் பிள்ளைக்குச் சேரும் என்பது நம்பிக்கை. அம்மா தம் கூரைப் புடவையின் உள்தலைப்பிலிருந்து ஒரு சாண் வெட்டிக் கொடுத்தார். மறுநாளே, "அந்தம்மா எப்படித் தைக்குதுன்னு பாத்துட்டு வரேன்" என்று கீழே இறங்கிப் போனார். பிறகு மூன்றாம் மாடி மலாய் மாச்சிக் சேர்ந்துகொண்டார். அவர்களிடமும் 'தம்பால் செரிபு', அதாவது ஆயிரம் ஒட்டு என்னும் கைவேலை இருக்கிறது. மூவருக்கும் பொதுவாக நூறு சொற்கள்கூட இருந்திருக்கமாட்டா.

புதிதாக வந்தவரிடம் எதையாவது கொடுத்து நட்புப் பாராட்டலாம் என்றுதான் நாம் நினைக்கிறோம். என் கருத்து வேறு. அவரிடம் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவருக்கே அந்த இடத்தில் உரிமை பிறக்கிறது.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-இல் வீழ்ந்தபின், சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் அவ்வாண்டே போர்வைகள் தைத்தார்கள். ஆளுக்கு ஒரு சதுரத் துணி. அதில் தம் பெயரையும் தம்மைப் பற்றிய ஏதோ ஒன்றையும் தைக்க வேண்டும். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள்; இப்படி மூன்று போர்வைகள். பிரிக்கப்பட்டிருந்த கணவன்மாருக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க அதுவே வழியாயிற்று. அவற்றில் இரண்டு இன்றும் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. சிறையையும் நம் அடுக்குமாடியையும் நான் ஒப்பிடவில்லை. 'உன்னைப் பற்றி ஒன்றைத் தைத்துக் கொடு' என்று ஒவ்வொருத்தியிடமும் ஒருவர் கேட்டாரே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

நம் பள்ளிகள் என்ன கேட்கின்றன? புதிய பெற்றோரிடம் பெற்றோர் ஆசிரியர் சங்கச் சந்தா கேட்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்கிறோம். கோத்தோங் ரோயோங் நாளில் வெங்காயம் உரிக்க அழைக்கிறோம். பிறகு, "பெற்றோர் ஒத்துழைப்பதில்லை" என்று கூட்டத்தில் குறைபட்டுக்கொள்கிறோம்! கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் பள்ளிகளே பெயர்ந்து வந்தவர்களுக்காக நிற்பவை. சீபீல்ட் தோட்டம் இன்று சுபாங் ஜெயாவின் யூ.எஸ்.ஜே. குடியிருப்பு, அப்பெயர் தமிழ்ப்பள்ளியில் வாழ்கிறது. புக்கிட் ராஜா தோட்டத்தின் பெயரையும் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது.

மாதம் ஒரு பிற்பகல், ஒரு வகுப்பறையைத் திறந்துவிடலாம். துணிக்குச் செலவில்லை. தீபாவளிக்கு முன் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தையல்கடைகளில் கேட்டால் ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். பருத்தியையும் பட்டையும் கலக்காமல் பிரித்துவைத்தால் போதும்.

"இதெல்லாம் வெட்டி வேலை, பிள்ளைகள் படிக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின்னும் இந்தக் கேள்வி நீங்கவில்லை. நான்காம் ஆண்டுப் பிள்ளையிடம் 10 செ.மீ. சதுரங்கள் எட்டை வரிசையாக இணைத்து 80 செ.மீ. நீளம் கொண்டுவரச் சொல்லுங்கள். அவன் 10 செ.மீ. சதுரமாகவே வெட்டுவான். ஒவ்வோர் ஓரத்திலும் 6 மி.மீ. தையலுக்குள் மறைந்துவிடும்; ஒரு சதுரம் 8.8 ஆகும், எட்டும் சேர்ந்து 70.4 செ.மீ.தான் வரும். மீதி எங்கே போயிற்று என்று அவன் தேடும்போது தசமம் தானே புரியும். நான் கரும்பலகையில் ஒரு வாரம் போராடியதைத் துணி அரைமணி நேரத்தில் செய்துவிட்டது. ஆண்பிள்ளைகளுக்கு ஏன் என்று ஒரு தந்தை கேட்டார். சட்டைப் பொத்தானை அவருக்கு யார் தைக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அந்தப் பேராக் தாயாரை இருமுறை அழைத்தும் அவர் வரவில்லை. "எனக்கு என்ன தெரியும் டீச்சர்?" என்றார். மூன்றாம் முறை நான் அழைக்கவில்லை. "அக்கா, என் ஒட்டின் முனை சேரவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் பார்த்துச் சொல்வீர்களா?" என்று கேட்டேன். உண்மையிலேயே சேரவில்லை. வந்தார், தைத்ததைப் பிரித்தார். அம்மாவின் கைவேலையைப் பதினைந்து வயதில் கற்றுக்கொண்டிருந்தால் இந்த வெட்கம் எனக்கு நேர்ந்திருக்காது.

சென்ற மாதம் அவரே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். "பழைய துணி ஏதாச்சும் இருக்குங்களா டீச்சர்? நீல நிறம் கொறையுது." அலமாரியில் யாரும் கேட்டு வராத பழைய பினாபோர் சீருடை ஒன்று கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் கசக்கினார்.

"நல்ல துணிதான். ஆனா ஒரு தடவ நனைச்சுப் பாத்துட்டுத்தான் வெட்டணும். சாயம் போச்சுன்னா பக்கத்துத் துண்டெல்லாம் கெட்டுப் போயிடும்" என்றார்.