முள்வேலி அல்ல, வாசல்

இதழ்கள் விதிக்கும் நிபந்தனைகள் கிராமத்து எழுத்தாளனைத் தடுக்கும் முள்வேலி என்கிறார் நண்பர். வல்லத்திராக்கோட்டையிலிருந்து எழுதும் நான் இதை ஏற்கமாட்டேன். ஆசிரியரை நேரில் தெரிந்தவருக்கு விதி எதற்கு? ஒரு போன் போதும். எனக்குச் சென்னையில் யாரையும் தெரியாது. இத்தனை சொற்கள், யூனிகோட் எழுத்துரு, வேறெங்கும் அனுப்பாத படைப்பு என்று அச்சிட்டிருக்கும் அந்த மூன்று வரிதான் எனக்கு வாசல்.

விதிகள் அதிகாரத் திமிரில் பிறந்தவை என்பதும் தவறு. 'தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுக' என்று அன்று கேட்டது ஏன்? ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலம் அது. கைப்பிரதியைத் தாள் தாளாகப் பிரித்துப் பல கம்பாசிட்டர்களிடம் கொடுப்பார்கள். பின்பக்கமும் எழுதியிருந்தால் ஒருவர் வேலை நிற்கும். இன்று யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் போகும் கதை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யாரோ உட்கார்ந்து மாற்ற வேண்டும். சிற்றிதழில் அந்த யாரோ பெரும்பாலும் ஆசிரியரேதான்.

சிற்றூர்க்காரருக்கு இடமில்லை என்பவர், 1947இல் நம் புதுக்கோட்டையிலிருந்து வந்த 'பொன்னி'யை நினைக்கட்டும். பாரதிதாசன் பரம்பரை என்று புதுக் கவிஞர்களை வரிசையாக அறிமுகம் செய்த இதழ் அது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வேறெங்கும் அனுப்பாதே என்று கேட்கிற இதழ், எத்தனை நாளில் பதில் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் கதை ஒன்று பதினான்கு மாதம் பதிலின்றிக் கிடந்தது. திரும்பப் பெறுகிறேன் என்று கடிதம் எழுதிய பிறகே அதை அடுத்த இதழுக்கு அனுப்பினேன்.