தானமாகக் கிடைக்கும் பழைய வீடு: சீரமைக்க நிதி தராத திட்டங்கள்

புதுதில்லி: பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டைத் தானமாகப் பெற்று, சீரமைத்து, வீடற்ற குடும்பம் ஒன்றைக் குடியமர்த்துவது எளிய வழியாகத் தோன்றுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நகர்ப்புறங்களில் மட்டும் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. 2012இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு மதிப்பிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையோ சுமார் 1.88 கோடி. ஆயினும் காலி வீடு ஏழைக் குடும்பத்தின் கைக்குச் செல்லும் வழியில் விதிகளே குறுக்கே நிற்கின்றன.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, தானப் பத்திரம் இரு சாட்சிகளுடன் பதிவு செய்யப்பட வேண்டும். உறவினருக்குத் தரும் தானத்துக்குப் பல மாநிலங்கள் முத்திரைத் தீர்வையில் சலுகை தருகின்றன. அயலாருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து பெறும் வீட்டின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், அது பெறுபவரின் வருமானமாகவும் கணக்கிடப்படும். புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லாததால் கிராமத்துச் சிறு வீடுகள் தப்பிவிடலாம். நகர வீடுகள் தப்புவது கடினம்.

இதைவிடப் பெரிய சிக்கல் சீரமைப்புச் செலவு. துருப்பிடித்த கம்பி, ஒழுகும் கூரை, பழைய மின்கம்பி, கழிப்பறை என எல்லாவற்றையும் சரிசெய்யப் பணம் வேண்டும். 2024இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0, சொந்த நிலத்தில் புது வீடு கட்ட 2.50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நாட்டில் எங்கும் பக்கா வீடு இல்லாதவர்களுக்கே அது உரியது. பாழடைந்த கான்கிரீட் வீட்டைத் தானமாக ஏற்கும் குடும்பம் அந்தத் தகுதியையே இழக்க நேரிடும். 2015இல் தொடங்கிய முதற்கட்டத்தில் வீட்டை விரிவாக்க உதவி இருந்தது. அதற்கும் குறைந்தது 9 சதுர மீட்டர் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. வெறும் பழுதுபார்ப்புக்கு அங்கும் இடமில்லை.

வீட்டை ஓர் அறக்கட்டளை வைத்துக்கொண்டு குறைந்த வாடகைக்கு விடுவது மாற்று வழி. குடும்பத்தின் பெயரில் சொத்து சேராததால் அரசு உதவிக்கான தகுதி நீடிக்கும். வீட்டை விற்கவே கூடாது என்று பத்திரத்தில் விதிக்கும் முழுத் தடை சட்டப்படி செல்லாது என்பதால், வீடு கைமாறிவிடுமோ என அஞ்சும் கொடையாளருக்கும் இவ்வழியே பாதுகாப்பானது. ஆனால் குடும்பம் வாடகைதாரராகவே இருந்துவிடும்.

பழுதுபார்ப்புக்கென நிதி ஒதுக்கிய முன்னுதாரணம் தமிழ்நாட்டில் உண்டு. எனினும், அங்கு 2024இல் அறிவிக்கப்பட்ட ஊரக வீடுகள் பழுதுபார்ப்புத் திட்டம், 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட வீடுகளுக்கானது. தனியார் தானமாகத் தரும் வீடு அதன் வரம்புக்குள் வராது.