வெடியுப்பும் வெந்தயக்கீரையும்



"மண்ணில்லாமல் விவசாயமா? காதுலே பூ சுத்தாதே!" என்று நானும் முதலில் சிரித்தவன்தான். தண்ணீரில் உரச்சத்தைக் கரைத்து, அதிலேயே வேரை இறங்கவிட்டுச் செடி வளர்ப்பதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர். பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் லெட்டூஸ், பேசில் என்று வாயில் நுழையாத தழைகளை விளக்குப் போட்டு வளர்க்கிறார்களே, அதுதான். வசதியானவர்களின் பொழுதுபோக்கு, நமக்கெதற்கு என்று நினைத்தேன். இன்று என் கருத்து மாறிவிட்டது. எங்கள் ஆமத்தூருக்குத்தான் இது முதலில் வேண்டும் என்பது என் கட்சி!

எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறார். காலை ஏழு மணிக்கு ஆலை வண்டி வந்துவிடும். கீரைக்காரப் பாட்டி தெருவுக்குள் வருவதோ எட்டு மணிக்கு! சாயங்காலம் கடையில் மிஞ்சியிருப்பது வாடிய கட்டு. அதையும் வாங்கினால் ஆயவேண்டும், மண் போக மூன்று தடவை அலசவேண்டும். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற வீட்டில் அது நடக்கிற காரியமா? அதனால் வாரத்தில் ஆறு நாள் எங்கள் வீட்டில் கீரை கிடையாது.

இந்த நிலையில்தான் கெமிஸ்ட்ரி வகுப்பில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. செடிக்குத் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் சேர்த்துத் தருகிற பொட்டாசியம் நைட்ரேட் எது தெரியுமா? நம்ம வெடியுப்பு! கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு இதுதான். மிச்சம் கரியும் கந்தகமும். உரக்கடையில் இதே உப்பு '13-0-45' என்ற பெயரில் விற்கிறது. எரிந்து எங்களுக்குச் சோறு போடுகிற உப்பு, கரைந்தால் கீரையும் போடும்!

அன்றைக்கே வீட்டில் கேட்டேன், "ஆலையிலேருந்து ஒரு பிடி கொண்டு வரலாமாம்மா?" அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏய்யா, வேலைச் சேலையையே வெளியே மாத்திட்டுத்தான் அடுப்படிக்கு வாரேன். அந்த உப்பைச் சோத்துக்குள்ளே கொண்டாரச் சொல்றியா?" தலை குனிந்தேன். படித்தவன் நானா, அம்மாவா? ஆலை உப்பில் வேறு மருந்து கலந்திருக்கலாம். வீட்டில் வைப்பது உயிருக்கே ஆபத்து. நண்பர்களே, விளையாட்டுக்கும் அதைச் செய்யாதீர்கள். பயிருக்கென்று விற்பதையே வாங்கி, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கிட் நமக்குத் தேவையில்லை. 1946-லேயே ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்காளத்துக் காலிம்போங் பகுதியில், சாதாரண மக்களும் செய்யும்படி இம்முறையை எளிமையாக்கினார். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி காட்டிய வழிக்குப் பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் ஓட்டைகள், ஓட்டைக்கொரு கப், அதில் தேங்காய் நார்க்கழிவு. அவ்வளவுதான்.

என் முதல் பெட்டி பத்தே நாளில் அழுகி நாறியது! "டிப்ளமோ படிக்கிற தொரை தண்ணியிலே கீரை வளக்காராம்" என்று அப்பா சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. தப்பு என்னுடையதுதான். தண்ணீரை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டே இருந்தேன். வேருக்கும் மூச்சு வேண்டாமா? தண்ணீர் குறையக் குறைய மேல்வேர் காற்றிலும் அடிவேர் தண்ணீரிலும் இருக்கவேண்டும். இரண்டாவது பெட்டியில் இடைவெளி விட்டேன். நாலாவது வாரம் வெந்தயக்கீரை அறுத்தோம். ஒரே அலசலில் வேலை முடிந்தது. "மண்ணே இல்லையேய்யா!" என்றார் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி கேட்டார்.

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். பெட்டிக்குக் கறுப்புத்தாள் சுற்றுங்கள். இடுக்கு இருந்தால் கொசு முட்டையிடும்; இறுக மூடுங்கள். கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் கெட்டியாக ஒன்றாகக் கரைத்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். தனித்தனியே கரைத்து, நிறையத் தண்ணீரில் சேருங்கள். உவர்ப்பான போர்த் தண்ணீர் ஆகாது, மழைத்தண்ணீர் உத்தமம். நம்ம வெயிலில் தண்ணீர் சூடேறினால் வேர் அழுகும்; ஈரச்சாக்கு போர்த்துங்கள். ஆனால் ஜன்னலோர வெயில் செடிக்கு அவசியம். லெட்டூஸ் இந்த வெக்கையில் கசந்துபோகும். நமக்கு வெந்தயம், புதினா, அரைக்கீரை போதும்.

"இதனால் வயிறு நிறையுமா?" என்பார்கள். நிறையாது! அரிசிக்கும் பருப்புக்கும் கரிசல் மண்ணும் சம்சாரியும்தான் கதி. இது சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு பிடி பச்சை, அவ்வளவே. ஆனால் அந்த ஒரு பிடிகூட இல்லாத வீடுகள் எங்கள் தெருவில் எத்தனை!

2025 ஜனவரியில் இஸ்ரோ விண்வெளியில் தட்டாம்பயறு முளைக்க வைத்தது. நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெட்டிக்கு நாலு ஓட்டை போட முடியாதா? துறைக்கொரு பெட்டி, ஹாஸ்டல் ஜன்னலுக்கொரு பெட்டி என்று இந்த ஆண்டே மாணவர் மன்றம் தொடங்கவேண்டும். கற்றதை மார்க் ஷீட்டோடு நிறுத்தாமல் அம்மாக்களின் அடுப்படி வரை கொண்டுபோவோம்.

வெடியுப்பு வெடிக்க மட்டுமா? துளிர்க்கவும்தான்! சிந்திப்போம்... செயல்படுவோம்!

— மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் துறை